ஆட்டிசம் தெரபி மையங்கள்: பேசாத பிள்ளைக்காகக் கணக்குக் கேட்பது யார்?

கதவு மூடப்படுகிறது. உள்ளே நான்கு வயதுப் பிள்ளை; வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உம்மா. முக்கால் மணி நேரம் கழித்துக் கதவு திறக்கிறது. "இன்னிக்கு நல்லா ஒத்துழைச்சான்மா" என்று ஒரு வரி. அடுத்த பிள்ளை உள்ளே போகிறது. மாதக் கடைசியில் கட்டணம் கட்ட வேண்டும். வளைகுடாவில் வாப்பா ஓவர்டைம் பார்த்து அனுப்பும் பணத்தில் பெரும் பங்கு இதற்கே போய்விடுகிறது. உள்ளே என்ன நடந்தது என்று பிள்ளையிடம் கேட்கலாமென்றால் பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை. பேச்சு வரவேண்டும் என்பதற்காகத்தானே அங்கே அழைத்துப் போனதே!

இன்று தமிழகத்தின் பெருநகரங்களில் மட்டுமல்ல, நமது சமுதாயத்தினர் கணிசமாக வாழும் சிறு நகரங்களிலும் "தெரபி சென்டர்" பலகைகளைக் காண்கிறோம். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் ஆட்டிசம் என்ற சொல்லையே கேட்டிராத குடும்பங்கள் இன்று ஸ்பீச் தெரபி, ஆக்குபேஷனல் தெரபி, பிஹேவியர் தெரபி என்று பிரித்துச் சொல்கின்றன. விழிப்புணர்வு வளர்ந்திருப்பது நல்ல செய்தி. ஆனால் விழிப்புணர்வு வளர்ந்த வேகத்தில் கண்காணிப்பு வளரவில்லை. யார் தெரபி தருகிறார்கள், என்ன தருகிறார்கள், அதனால் பிள்ளைக்கு என்ன கிடைத்தது என்று கேட்பதற்கு ஆளில்லாத ஒரு துறையில் பணம் மட்டும் பெருகினால் என்ன ஆகும்? அதற்கு அண்மைக்கால உதாரணம் அமெரிக்காவிலிருந்து வந்திருக்கிறது. அது முஸ்லிம் சமுதாயத்தோடு தொடர்புடைய உதாரணம் என்பதால் நாம் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டியிருக்கிறது.

மின்னசோட்டாவில் நடந்தது என்ன?

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் 21 வயதுக்கு உட்பட்ட ஆட்டிசம் உள்ளவர்களுக்கான தெரபிச் செலவை, குறைந்த வருமானத்தினருக்கான அரசு மருத்துவத் திட்டமான மெடிக்கெய்ட் ஏற்கிறது. பெற்றோர் பணம் கட்ட வேண்டியதில்லை. தெரபி தரும் நிறுவனம் அரசுக்கு பில் அனுப்பிப் பணம் பெற்றுக்கொள்ளும். 2018-ல் ஒருசில மில்லியன் டாலராக இருந்த இந்தச் செலவு ஐந்தே ஆண்டுகளில் நூறு மில்லியனைத் தாண்டியது. புதிய மையங்கள் வரிசையாக முளைத்தன.

2024 டிசம்பரில் அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. அங்கே இரண்டு மையங்களைச் சோதனையிட்டது. 2025 செப்டம்பரில் முதல் குற்றச்சாட்டு பதிவானது. ஒரே மையம் சுமார் 14 மில்லியன் டாலர் பெற்ற வழக்கு அது. அரசுத் தரப்பு சொல்லும் விவரங்கள் அதிர்ச்சியளிப்பவை. 18, 19 வயது உறவினர்கள் எந்தத் தகுதியும் பயிற்சியும் இல்லாமல் தெரபி தருபவர்களாகக் காட்டப்பட்டார்கள். நடக்காத அமர்வுகளுக்கு பில் போடப்பட்டது. ஆட்டிசம் இல்லாத பிள்ளைகளுக்கும் சான்று ஏற்பாடு செய்யப்பட்டது. பிள்ளையைச் சேர்க்கும் பெற்றோருக்கு மாதம் 300 முதல் 1,500 டாலர் வரை கையூட்டு தரப்பட்டது. கூடுதலாகக் கேட்டு, தராவிட்டால் வேறு மையத்துக்குப் போய்விடுவோம் என்று சொன்ன பெற்றோரும் இருந்தார்கள்.

குற்றம் சாட்டப்பட்டவரும், குறிவைத்துச் சேர்க்கப்பட்ட குடும்பங்களும் அங்கே வாழும் சோமாலிய முஸ்லிம் சமுதாயத்தைச் சேர்ந்தவர்கள். விளைவு என்ன? 2025 நவம்பர், டிசம்பரில் இவ்வழக்கும் இதுபோன்ற வேறு நிதி மோசடி வழக்குகளும் சேர்ந்து, மின்னசோட்டாவின் சோமாலியர் அனைவருக்கும் எதிரான அரசியல் ஆயுதமாயின. அவர்களுக்கான தற்காலிகப் பாதுகாப்பு நீக்கப்படும் என்று அதிபர் டிரம்ப் அறிவித்தார். சிலர் செய்த குற்றத்துக்கு ஒரு சமுதாயமே கூண்டில் நிறுத்தப்பட்டது.

இதில் அதிகம் பேசப்படாத இன்னொரு பக்கம் உண்டு. மின்னசோட்டா பல்கலைக்கழகம் 2013-ல் வெளியிட்ட ஆய்வில், மினியாபொலிஸ் நகரின் சோமாலியப் பிள்ளைகளில் 32 பேருக்கு ஒருவர் என்ற அளவில் ஆட்டிசம் கண்டறியப்பட்டது. வெள்ளையினப் பிள்ளைகளில் அது 36 பேருக்கு ஒருவர். எண்ணிக்கையில் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் ஆட்டிசத்தோடு அறிவுத்திறன் குறைபாடும் சேர்ந்திருப்பது சோமாலியப் பிள்ளைகளிடம் அதிகமாகக் காணப்பட்டது. அதாவது அந்தச் சமுதாயத்தின் தேவை உண்மையானது. உண்மையிலேயே ஆட்டிசம் உள்ள பிள்ளையை வைத்துக்கொண்டு, கையூட்டு வாங்காமல், நேர்மையாகத் தெரபிக்கு அலைந்த சோமாலியத் தாய்மார்கள் எத்தனையோ பேர். இப்போது அவர்களுடைய பிள்ளையின் சான்றும் சந்தேகக் கண்ணோடு பார்க்கப்படுகிறது. மோசடியின் முதல் பலி அரசுக் கருவூலம் என்று சொல்கிறார்கள். முதல் பலி அந்தப் பிள்ளைகள்தான்.

இது ஒரு சமுதாயத்தின் நோயா?

இல்லை என்பதற்கு அமெரிக்க அரசின் சொந்தத் தணிக்கையே சாட்சி. இண்டியானா மாநிலத்தில் 2019, 2020 ஆண்டுகளில் ஆட்டிசம் பிள்ளைகளின் நடத்தைப் பயிற்சிக்காகத் தரப்பட்ட மெடிக்கெய்ட் பணத்தை மத்திய சுகாதாரத் துறையின் தணிக்கைப் பிரிவு ஆராய்ந்து 2024 டிசம்பரில் அறிக்கை வெளியிட்டது. முறைகேடாகத் தரப்பட்ட தொகை குறைந்தது 56 மில்லியன் டாலர். மாதிரிக்காக எடுத்துப் பார்த்த 100 கணக்குகளில் நூறிலுமே ஏதோ ஒரு குறை அல்லது சந்தேகம் இருந்தது. அமர்வில் என்ன நடந்தது என்ற குறிப்பு இல்லை, அல்லது பில்லில் உள்ள நேரத்தோடு ஒத்துப்போகவில்லை. தெரபி தந்தவருக்குத் தகுதிச் சான்று இல்லை. பிள்ளை சாப்பிட்ட நேரமும் தூங்கிய நேரமும் தெரபிக் கணக்கில் சேர்ந்திருக்கக்கூடும் என்ற ஐயமும் எழுந்தது. விஸ்கான்சின் மாநிலத்தில் நடந்த இதேபோன்ற தணிக்கையிலும் 18.5 மில்லியன் டாலர் முறைகேடு தெரியவந்தது. இவை ஏதோ ஒரு புலம்பெயர்ந்த சமுதாயத்தின் கதையல்ல.

இந்த மாநிலங்களுக்குப் பொதுவாக இருந்தது இதுதான்: தேவை அதிகம், பணம் அதிகம், தருபவர்களைச் சரிபார்க்கும் ஏற்பாடு குறைவு, சேவை பெறுபவரோ தனக்கு என்ன நடந்தது என்று சொல்ல முடியாத பிள்ளை. இந்த நான்கும் சேரும் இடத்தில், எந்த நாடானாலும் எந்த மதத்தினரானாலும், ஷைத்தானுக்கு வேலை எளிது.

நம் நாட்டின் நிலை

அமெரிக்காவில் அரசு பணம் தருகிறது. ஆகவே தாமதமாகவேனும் ஒரு தணிக்கையாளர் வருகிறார். இந்தியாவில் தனியார் மையங்களின் தெரபிச் செலவைப் பெரும்பாலும் பெற்றோரே தம் கைப்பணத்திலிருந்து தருகிறார்கள். ஆகவே தணிக்கையாளரும் அவர்களே. ஆனால் அவர்கள் தணிக்கை செய்வதில்லை. செய்யலாம் என்பதும் பலருக்குத் தெரியாது.

சட்டமே இல்லை என்று சொல்ல முடியாது. 1992-ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் சட்டப்படி, ஸ்பீச் தெரபிஸ்ட், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், சிறப்பாசிரியர் போன்றோர் மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் பெயர் பதிந்திருக்க வேண்டும். அவர்களுக்கு சி.ஆர்.ஆர். எண் என்ற பதிவெண் உண்டு. பதியாமல் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அபராதம் எவ்வளவு தெரியுமா? அதிகபட்சம் 1,000 ரூபாய். இன்று பல மையங்களில் ஓரிரு அமர்வுக்கு வாங்கும் கட்டணம் அது!

ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகளும் பிசியோதெரபிஸ்டுகளும் அந்தக் கவுன்சிலின் கீழ் வருவதில்லை. அவர்களுக்கென 2021-ல்தான் துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் வந்தது. அதன் கீழ் அமைய வேண்டிய மாநிலக் கவுன்சில்களும் பதிவேடுகளும் முழு வீச்சில் செயல்படும் வரை, "பிஹேவியர் தெரபிஸ்ட்" என்று பலகை வைத்திருப்பவர் யார், என்ன படித்தவர் என்று ஒரு தாய் எளிதில் சரிபார்க்க வழியில்லை. நாலு ஆண்டுக்கு மேல் படித்துப் பட்டம் பெற்றவரும், சில வாரங்கள் ஆன்லைன் வகுப்பு முடித்தவரும் ஒரே மாதிரி கோட் அணிந்து ஒரே கட்டணம் வாங்கலாம் என்ற நிலைதான் நீடிக்கிறது.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இன்னொரு முக்கியமான படி. 1995-ன் பழைய சட்டத்தில் ஆட்டிசம் இடம்பெறவே இல்லை. புதிய சட்டம் ஏற்கும் 21 வகை மாற்றுத்திறன்களில் ஆட்டிசமும் ஒன்று. மாற்றுத்திறனாளிகளுக்குப் பயிற்சியோ மறுவாழ்வோ தரும் நிறுவனம் எதுவும் பதிவுச் சான்று இல்லாமல் இயங்கக் கூடாது என்று அதன் 50-ஆம் பிரிவு சொல்கிறது. 92-ஆம் பிரிவின்படி மாற்றுத்திறனாளியை அடிப்பது, இழிவுபடுத்துவது, பொறுப்பில் வைத்திருப்பவர் உணவோ நீரோ மறுப்பது ஆகியவை ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனைக்கு உரிய குற்றம். சட்டம் காகிதத்தில் வலுவாகவே இருக்கிறது. ஆனால் மூடிய அறைக்குள் நடப்பதை யாராவது பார்த்தால்தானே, எழுதி வைத்தால்தானே, அது வெளியே வரும்?

ஈரத் தானியத்தை மேலே வையுங்கள்

கடைவீதியில் நபி (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்த நிகழ்ச்சி நம் அனைவருக்கும் தெரியும். மேலே காய்ந்திருந்த தானியம் உள்ளே ஈரமாக இருந்தது. மழையில் நனைந்துவிட்டது என்று வியாபாரி காரணம் சொன்னார். மக்கள் பார்க்கும்படி அந்த ஈரத்தை மேலே வைத்திருக்கலாமே என்று கேட்ட நபி (ஸல்) அவர்கள், மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்ற கருத்தில் எச்சரித்தார்கள் (முஸ்லிம்).

இந்த நபிமொழியை நாம் பெரும்பாலும் கலப்படத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். ஆனால் அந்த வியாபாரி தானியத்தில் எதையும் கலக்கவில்லை. மழை அவர் செய்த தவறும் அல்ல. குறையை மறைத்ததுதான் தவறு. வெளிப்படைத்தன்மை என்று இன்று சொல்லப்படுவதன் சாரம் இதுவே: வாங்குபவர் கேட்கும் முன்பே குறையை அவர் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வைப்பது. அந்தக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்ப்பது அவநம்பிக்கையும் அல்ல, நபிவழி.

தெரபி மையத்தில் ஈரம் எங்கே இருக்கிறது? "எங்களிடம் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் வாரத்தில் ஒருநாள்தான் வருகிறார், மற்ற நாட்களில் உதவியாளர்தான் பார்ப்பார்." "உங்கள் பிள்ளைக்கு இந்த முறை மூன்று மாதமாகப் பலன் தரவில்லை." "எங்களுக்கு இந்த வயதுப் பிள்ளைகளோடு அனுபவம் குறைவு." இதையெல்லாம் சொல்லும் மையம் நல்ல மையம். சொல்லாமல் பலகையில் பெரிய டாக்டரின் பெயரை மட்டும் மாட்டி வைப்பது, காய்ந்த தானியத்தை மேலே பரப்புவது போன்றதே.

அளவை நிறுவையில் குறைப்பவர்களுக்குக் கேடு என்று ஓர் அத்தியாயமே அல்முதஃப்பிஃபீன் என்ற பெயரில் தொடங்குகிறது. தெரபியில் அளவை என்பது நேரம். 45 நிமிடத்துக்குப் பணம் வாங்கி, முதல் பத்து நிமிடம் பிள்ளையை அமைதிப்படுத்துவதிலும் கடைசிப் பத்து நிமிடம் கைப்பேசியிலும் கழித்தால் அதுவும் நிறுவைக் குறைவுதான். மருத்துவம் அறியாமல் மருத்துவம் பார்ப்பவர், அதனால் வரும் கேட்டுக்குத் தாமே பொறுப்பாளி என்ற கருத்தில் வரும் நபிமொழியும் (அபூதாவூத், நஸாஈ, இப்னுமாஜா) இங்கே நினைவுகூரத்தக்கது. தகுதி இல்லாதவரின் சிகிச்சைக்கு இழப்பீட்டுப் பொறுப்பு உண்டு என்பதை நமது ஃபிக்ஹு அறிஞர்கள் இதைக் கொண்டே விவாதித்திருக்கிறார்கள்.

"குணப்படுத்துகிறோம்" என்பவர்கள்

ஆட்டிசம் மாத்திரையால் போகும் நோயல்ல. அது மூளை வளர்ச்சியின் ஒரு மாறுபட்ட அமைப்பு, பிள்ளையோடு வளர்வது. தெரபியின் வேலை பிள்ளை தன் தேவையைத் தெரிவிக்கவும், தன் வேலையைத் தானே செய்யவும், மனிதரோடு பழகவும் உதவுவது. ஆகவே "ஆறு மாதத்தில் குணம்" என்ற விளம்பரம் எங்கே தெரிந்தாலும் அங்கிருந்து எழுந்து வந்துவிடலாம்.

ஸ்டெம்செல் சிகிச்சை இதில் முதலிடம். லட்சக்கணக்கில் பணம் பறிக்கும் இந்தச் சிகிச்சையை ஆட்டிசத்துக்குப் பரிந்துரைக்க முடியாது என்றும், அதை விளம்பரப்படுத்துவது மருத்துவர்களின் தொழில் ஒழுங்கு மீறல் என்றும் தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022 டிசம்பரிலேயே தெளிவுபடுத்தியது. உடலிலிருந்து உலோக நச்சை எடுக்கிறோம் என்று சொல்லித் தரப்படும் "கீலேஷன்" மருந்து இன்னும் ஆபத்தானது. 2005-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஆட்டிசம் உள்ள ஐந்து வயதுச் சிறுவன் அந்தச் சிகிச்சையின்போதே உயிரிழந்தான்.

நமது சமுதாயத்துக்குள்ளேயும் ஒரு கடை திறந்திருக்கிறது. பிள்ளை கண்ணைப் பார்ப்பதில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை என்றதும் "ஜின் தீண்டியிருக்கிறது" என்று சொல்லித் தொகை பேசுபவர்கள் இருக்கிறார்கள். பிள்ளைக்காக ஓதிப் பார்ப்பதும் துஆ செய்வதும் தாய் தந்தையின் உரிமை. அதற்கு இடைத்தரகர் வேண்டியதில்லை. நோய்க்கு மருந்து தேடும்படி சொன்னதும் நபி (ஸல்) அவர்களே. குணமாகும் என்று உறுதி சொல்லிப் பணம் வாங்குபவர் வெள்ளைக் கோட் அணிந்திருந்தாலும் ஜிப்பா அணிந்திருந்தாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். சிறு வயதில் கிடைக்க வேண்டிய பயிற்சி இவர்களால் ஓரிரு ஆண்டு தள்ளிப்போனால் அந்த இழப்பை யார் ஈடுசெய்வது?

நல்லவர்களுக்கும் இது தேவை

இதைப் படிக்கும் தெரபிஸ்டுகள் சிலருக்கு மனம் வருந்தலாம். குறைந்த சம்பளத்துக்கு, ஒரு நாளைக்கு எட்டு, பத்துப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, கடி வாங்கி, அடி வாங்கி, ஒரு பிள்ளை முதன்முதலாக "உம்மா" என்றபோது தாயோடு சேர்ந்து அழுதவர்கள் ஏராளம். அவர்களுக்கு இச்சமுதாயம் கடன்பட்டிருக்கிறது. பலகையில் பொய் சொல்லும் மையம் பக்கத்துத் தெருவில் பாதிக் கட்டணத்துக்கு இயங்கும்போது முதலில் நசுங்குவது இவர்களுடைய நேர்மையான மையம்தான். கணக்கு வெளிப்படையாக இருந்தால் அவர்களுக்கே அது பாதுகாப்பு.

பெற்றோரும் ஒன்றை ஏற்க வேண்டும். பிள்ளை எதிர்பார்த்த அளவு முன்னேறவில்லை என்பது மட்டுமே மோசடிக்கு ஆதாரமாகிவிடாது. சில பிள்ளைகளுக்கு வேகம் குறைவு. சிலருக்குப் பேச்சு வராமலே போகலாம், படம் காட்டியோ சைகையாலோ பேசப் பழகலாம். முடிவு அல்லாஹ்வின் கையில். ஆனால் முயற்சி மனிதரின் கையில். அந்த முயற்சிக்குத்தான் கணக்குக் கேட்கிறோம். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளும்படி குர்ஆனின் மிக நீளமான வசனம் (2:282) வலியுறுத்துகிறது. ஆயிரம் ரூபாய்க் கடனுக்கே எழுத்து வேண்டும் என்ற மார்க்கத்தில், பிள்ளையின் எதிர்காலம் வாய்வார்த்தையில் நடக்கலாமா?

பெற்றோர் கேட்க வேண்டியவை

1. அறைக்குள் இருப்பவர் யார்? பலகையில் உள்ள பெயர் முக்கியமல்ல. பிள்ளையோடு உட்காருபவரின் பெயர், படிப்பு, பதிவெண் ஆகியவற்றைக் கேளுங்கள். சி.ஆர்.ஆர். எண்ணை மறுவாழ்வுக் கவுன்சிலின் இணையதளத்தில் சரிபார்க்கலாம்.

2. மதிப்பீட்டு அறிக்கை எங்கே? அரசுச் சான்றுக்கு 40 கேள்விகள் கொண்ட இந்திய ஆட்டிசம் மதிப்பீட்டு அளவுகோல் பயன்படுகிறது. எதை வைத்து, யார் மதிப்பிட்டார் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். தெரபி விற்பவரே ஆட்டிசம் என்று முடிவு சொன்னால், அரசு மருத்துவமனையிலோ வேறு குழந்தைநல மருத்துவரிடமோ இரண்டாவது கருத்துக் கேட்பது நல்லது.

3. மூன்று மாத இலக்கு என்ன? "பேச வைப்போம்" என்பது இலக்கல்ல. "தண்ணீர் வேண்டுமென்பதைப் பத்துத் தடவையில் எட்டுத் தடவை சொல்லாலோ சைகையாலோ படத்தைக் காட்டியோ தெரிவிப்பான்" என்பது இலக்கு. எண்ணிப் பார்க்க முடிவதே இலக்கு.

4. ஒவ்வோர் அமர்வின் குறிப்பும் கிடைக்குமா? தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், செய்தவர், செய்த பயிற்சி. ஐந்து வரி போதும். இண்டியானாவில் தணிக்கையாளர்கள் தேடியதும் இதைத்தான்.

5. நான் பார்க்கலாமா? தாய் அருகில் இருந்தால் பிள்ளை அடம் பிடிப்பான் என்பது சில நேரம் உண்மை. அதற்குக் கண்ணாடிச் சாளரமோ கேமராவோ மாதம் ஒருநாள் உள்ளே அமரும் ஏற்பாடோ இருக்கலாம். எந்த வழியிலும் பார்க்கவே முடியாது என்றால், அந்த மையம் வேண்டாம்.

6. அடம் பிடித்தால் என்ன செய்வீர்கள்? அடிப்பது, கட்டி வைப்பது, இருட்டறையில் அடைப்பது, சாப்பாட்டை நிறுத்துவது எதுவும் தெரபி ஆகாது. அவர்களின் விதியை எழுத்தில் கேளுங்கள். மையத்துக்குப் போகும் நேரத்தில் மட்டும் பிள்ளை புதிதாக மிரண்டால், உடலில் காயம் தெரிந்தால், அதுதான் பிள்ளையின் பேச்சு. அதை நம்புங்கள்.

7. ரசீதும் திரும்பக் கொடுத்தலும். ஆறு மாதத் தொகையை மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்பார்கள். பாதியில் நின்றால் மீதியைத் தருவார்களா? நடக்காத அமர்வுக்கு என்ன கணக்கு? ரசீது தராத இடத்தில் பணம் கட்ட வேண்டாம்.

8. வீட்டில் நான் என்ன செய்வது? பிள்ளை வாரத்தில் மூன்று மணி நேரம் மையத்தில் இருக்கிறது. மற்ற நேரமெல்லாம் வீட்டில். உம்மாவுக்கும் வாப்பாவுக்கும் பயிற்சி தரும் மையமே தொழிலை அறிந்த மையம்.

குறை இருந்தால் முதலில் மையத்துக்கே எழுத்தில் கொடுங்கள். தீராவிட்டால் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர், அதற்கு மேல் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர். பண மோசடிக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம் உண்டு. கட்டிய தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணமே இல்லை. பிள்ளை அடிபட்டிருந்தால் நேராகக் காவல் நிலையம்.

எல்லாம் தனியாரிடம்தான் கிடைக்கும் என்பதும் இல்லை. மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் அரசு மருத்துவமனைகளில் இலவசமாக இயங்குகின்றன. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில், பலவகை மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் 2005 முதல் செயல்படுகிறது. தமிழக அரசின் உரிமைகள் திட்டத்தின் கீழ் "விழுதுகள்" சேவை மையங்கள் தொடங்கப்பட்டுள்ளன. தேசிய அறக்கட்டளையின் "நிராமயா" காப்பீட்டில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவுக்கு வழியுண்டு. தெரபிக்கும் அதில் ஒரு பகுதி உண்டு. இவற்றுக்கெல்லாம் முதற்படி மாற்றுத்திறனாளி அடையாள அட்டை. "அட்டை எடுத்தால் ஊருக்குத் தெரிந்துவிடும், அக்காவின் நிக்காஹ் தடைபடும்" என்று எடுக்காமல் இருக்கும் வீடுகள் நம்மிடையே உண்டு. இந்த மறைப்பில் லாபம் அடைவது மோசடி மையம் மட்டுமே. வெட்கப்பட்டு ஒளிந்திருக்கும் குடும்பம் புகார் கொடுக்காது என்று அதற்குத் தெரியும்.

ஜமாஅத் என்ன செய்யலாம்?

ஒவ்வொரு தாயும் தனியாக நின்று இத்தனையும் கேட்பது கடினம். "இங்கே இடம் கிடைத்ததே பெரிது" என்ற பயம் வாயை அடைத்துவிடும். பத்துத் தாய்மார்கள் சேர்ந்து கேட்டால் பதில் வரும். மஹல்லா அளவில் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோர் மாதம் ஒருமுறை கூட, பள்ளிவாசலோ மதரஸாவோ ஓர் அறை தரலாம். எந்த மையத்தில் பதிவு பெற்றவர்கள் இருக்கிறார்கள், எங்கே குறிப்பு தருகிறார்கள் என்ற அனுபவம் அங்கே கைமாறும்.

ஜகாத், பைத்துல்மால் நிதியிலிருந்து ஏழைப் பிள்ளைகளின் தெரபிக்கு உதவும் ஜமாஅத்துகள், ஆலிம்களின் ஆலோசனையோடு ஒரு நிபந்தனை வைக்கலாம்: பதிவெண், எழுத்து இலக்கு, அமர்வுக் குறிப்பு இருக்கும் மையத்துக்கே பணம் போகும். நமது அறக்கட்டளைகளும் பள்ளிகளும் நடத்தும் மையங்கள் இதில் முன்மாதிரியாக, தெரபிஸ்டுகளின் தகுதியையும் கட்டணத்தையும் வாசலிலேயே எழுதி வைக்க வேண்டும். "நம்ம ஆளுங்க நடத்துறாங்க" என்பது கேள்வி கேட்காமல் இருக்கக் காரணமாகக் கூடாது. மின்னசோட்டாவில் நம்பிக்கை விற்கப்பட்டதும் அந்த வார்த்தையில்தான். உள்ளேயிருந்து கணக்குக் கேட்காத சமுதாயத்திடம் ஒருநாள் வெளியேயிருந்து கணக்குக் கேட்பார்கள். அப்போது நேர்மையானவர்களும் சேர்ந்து தலைகுனிய நேரும்.

அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்கும்படி அல்லாஹ் கட்டளையிடுகிறான் (4:58). பேசாத பிள்ளை பெற்றோரிடம் ஓர் அமானிதம். பெற்றோர் கதவருகே விட்டுச் செல்லும்போது தெரபிஸ்டிடம் ஓர் அமானிதம். அந்தத் தெருவில் வாழும் நம் எல்லோரிடமும் ஓர் அமானிதம். வாய்களுக்கு முத்திரையிடப்பட்டு, கைகள் பேசி, கால்கள் சாட்சி சொல்லும் ஒரு நாளைப் பற்றி யாஸீன் அத்தியாயம் நமக்குச் சொல்கிறது. மூடிய அறைக்குள் நடந்ததற்கு அன்று சாட்சி இல்லாமல் போகாது. அதற்கு முன்பே இங்கே கதவைத் திறந்து வைப்பது நம் எல்லோருக்கும் நல்லது. அதற்கான துணிவை அல்லாஹ் நமக்குத் தருவானாக!